வீட்டு ஒளிப்பதிவுகளைத் தொலைக்காட்சியில் பார்க்க எந்தக் கருவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் ஒளிப்பதிவுகள் எல்லாம் ஒரே வடிவில் இருப்பது அரிது. தொண்ணூறுகளில் நடந்த கலியாணம் வீஎச்எஸ் நாடாவிலிருந்து மாற்றப்பட்டு இறுவட்டில் இருக்கும். அக்காவின் சாமத்திய வீடு டிவிடியில் இருக்கும். தம்பியின் கலியாணத்தை ஸ்ரூடியோக்காரர் பென் ட்ரைவில் தந்திருப்பார். நல்லூர்த் தேருக்கு வந்துபோன சித்தப்பா தம் ஐபோனில் எடுத்தவை வன்தட்டில் கிடக்கும். சேர்த்துவைத்த திரைப்படங்கள் வேறு. இவை அனைத்தையும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு எதை வாங்குவது என்று அயலவரும் உறவினரும் என்னிடம் கேட்டவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாதக் கட்டணத்துக்கு இணையத்தில் படம் காட்டும் சேவைகள் வேறு விடயம். இங்கே பேசப்படுவது நம் கையில் இருக்கும் கோப்புகள் மட்டுமே.

எதை வாங்கினால் எல்லாக் கோப்புகளும் ஓடும்?

உங்களிடம் என்ன கோப்புகள் இருக்கின்றன என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. கடைக்காரரும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் கேட்பதில்லை. கருவியைத் தெரிவு செய்துவிட்டுக் கோப்புகளை அதற்குப் பொருத்தப் பார்ப்பதைவிட, கோப்புகளைப் பார்த்துவிட்டுக் கருவியைத் தெரிவு செய்வது மலிவானது. எனவே எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் தொலைக்காட்சியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ உள்ள யூஎஸ்பி துவாரத்தில் ஒரு பென் ட்ரைவைச் செருகிப் பாருங்கள். என்னிடம் கேட்டு வந்தவர்களில் சிலருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

சோதிப்பதற்கு எந்தக் கோப்புகளைத் தெரிவு செய்வது?

நன்றாக ஓடும் என்று தெரிந்த கோப்பை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. சண்டித்தனம் செய்யக்கூடியவற்றையே எடுக்க வேண்டும். என் பட்டறிவில் ஐந்து வகை போதும். ஒன்று, கலியாண வீட்டுக் கமராவிலிருந்து நேரடியாக வந்த எம்டிஎஸ் கோப்பு. இரண்டு, ஐபோனில் எடுத்த காட்சி; 2017இல் வெளியான ஐஓஎஸ் 11 தொடக்கம் ஐபோன்கள் எச்.265 என்ற சுருக்க முறையையே பெரிதும் பயன்படுத்துவதால், அதை அறியாத பழைய தொலைக்காட்சி இங்கே மாட்டிக்கொள்ளும். மூன்று, 2010க்கு முன்னர் இறக்கிய ஏவிஐ திரைப்படம். நான்கு, டிடிஎஸ் ஒலியுள்ள எம்கேவி திரைப்படம். ஐந்து, 4 ஜிபியைவிடப் பெரிய ஏதாவது ஒரு கோப்பு. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நடுவில் முன்னும் பின்னும் தாவிப் பாருங்கள். தாவும்போது உறைந்துபோகும் கருவி, தொடர்ந்து ஓடவிட்டாலும் என்றோ ஒரு நாள் உறைந்துபோகும்.

இரண்டும் எம்பி4 கோப்புகள்தான். ஒன்று ஓடுகிறது, மற்றது ஓடவில்லை. ஏன்?

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவை வெறும் பாத்திரங்கள். தூக்குச்சட்டியை வெளியே பார்த்து உள்ளே சொதியா பாயசமா என்று சொல்ல முடியாததைப் போல, கோப்பின் பெயர் ஈற்றைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். இறுவட்டுக் காலத்து எம்பெக்-1, டிவிடியின் எம்பெக்-2, ஏவிஐ திரைப்படங்களின் எக்ஸ்விட், 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265, 2018இல் வந்த ஏவி1 ஆகியவை படத்துக்கானவை. கருவியின் சில்லு (சிப்) இவற்றுள் எவற்றைத் தானே விரிக்கவல்லது என்பதே அதன் உண்மையான தகுதி. இன்றைக்கு வாங்கும் கருவி எச்.265ஐச் சில்லிலேயே விரிக்க வேண்டும். ஏவி1 இருந்தால் நல்லது, ஆனால் வீட்டுக் கோப்புகளில் அது இன்னும் அரிது என்பதால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கோப்பின் உள்ளே இருப்பதை அறிய, கணினியில் விஎல்சி மென்பொருளில் அதைத் திறந்து, கருவிகள் பட்டியலில் கோடெக் (சுருக்க முறை) விபரத்தைப் பார்த்தால் போதும்.

படம் ஓடுகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. தொலைக்காட்சி பழுதா?

பழுதில்லை. அநேகமாக அக்கோப்பின் ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கும். அம்முறைக்கு உற்பத்தியாளர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். சம்சுங் 2018ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும் எல்ஜி 2020ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும் அதைக் கைவிட்டன, எல்ஜி 2023இல் மீண்டும் சேர்த்தது, பின்னர் 2025ஆம் ஆண்டு மாதிரிகளில் மறுபடியும் கைவிட்டது. இதனால், 2015இல் வாங்கிய தொலைக்காட்சியில் சத்தத்துடன் ஓடிய படம், அதே நிறுவனத்தின் புதிய, விலை கூடிய தொலைக்காட்சியில் ஊமையாக ஓடுகிறது. விஎல்சி அல்லது கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருள் நிறுவப்பட்ட வெளிக்கருவி ஒன்று ஒலியைத் தானே விரித்துச் சாதாரண ஒலியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்பிவிடும். இத்தகைய கோப்புகள் நாலைந்துதான் இருக்கின்றன என்றால் கருவியே வேண்டாம். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசி முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு திரைப்படத்துக்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.

வன்தட்டைச் செருகினால் தொலைக்காட்சி கண்டுகொள்வதே இல்லை. என்ன செய்வது?

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது மின்வலு. யூஎஸ்பி 2.0 துவாரம் தரவேண்டியது 500 மில்லியம்பியர், யூஎஸ்பி 3.0 தரவேண்டியது 900. சட்டைப்பை அளவிலான வன்தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூடுதலாக இழுக்கக்கூடும். ‘டிக், டிக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் இதுதான் நோய். தனி மின் இணைப்புள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றே மருந்து. இரண்டாவது, வன்தட்டு எந்த முறையில் போர்மட் செய்யப்பட்டிருக்கிறது என்பது. எஃப்ஏடி32ஐ எல்லாக் கருவிகளும் வாசிக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. ஒரு விநாடிக்கு 8 மெகாபிற் வீதம் பதிவான இரண்டு மணி நேரக் கலியாண வீடியோவே 7.2 ஜிபி வரும் என்பதால், எஃப்ஏடி32 இன்றைக்குப் போதாது. என்டிஎஃப்எஸ் முறையைப் பெரும்பாலான தொலைக்காட்சிகள் வாசிக்கின்றன. எக்ஸ்ஃபாட் முறையைப் பழையவை சில வாசிப்பதில்லை. மக் கணினியில் போர்மட் செய்து வெளிநாட்டிலிருந்து வந்த வன்தட்டை எந்தத் தொலைக்காட்சியும் வாசிக்கும் என எதிர்பார்க்க வேண்டாம். போர்மட் செய்தால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஒரு சாமத்திய வீட்டின் முழு ஒளிப்பதிவும் அப்படிப் போனதைக் காணும் வரைக்கும்.

தொலைக்காட்சியால் முடியவில்லை. வெளிக்கருவிகளுள் எதைத் தெரிவு செய்வது?

எச்டிஎம்ஐ துவாரத்தில் செருகும் சிறு குச்சி வடிவக் கருவிகள் மலிவானவை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரேயொரு யூஎஸ்பி துவாரமே உண்டு, அதுவும் மின் வழங்குவதற்கானது. வன்தட்டை இணைக்க ஓடிஜி எனப்படும் பிரிப்பு வயர் வேண்டும். அது எல்லா மாதிரிகளிலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. கோப்புகளை வன்தட்டில் வைத்திருப்பவர், முழு அளவிலான யூஎஸ்பி துவாரம் உள்ள அன்ட்ரொய்ட் ரிவி பெட்டியை வாங்குவதே நல்லது. கூகிளின் அங்கீகாரம் பெற்ற பெட்டியாக இருந்தால், விஎல்சி, கோடி இரண்டையும் பிளே ஸ்ரோரிலிருந்து இலவசமாக நிறுவலாம். பெரும்பாலான வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அப்பிள் ரிவி சிறப்பாக இயங்கும் கருவி, ஆனால் வன்தட்டைச் செருக அதில் இடமில்லை. கோப்புகளை வீட்டு வலையமைப்பின் வழியாகவே கொடுக்க வேண்டும். என்விடியா ஷீல்ட் ரிவி புரோ 2019இல் வந்ததாயினும் இரண்டு யூஎஸ்பி துவாரங்களுடன் இன்றும் வலுவானது. தனி ஒலிபெருக்கித் தொகுதி வைத்து, சுருக்கப்படாத ஒலியைக் கேட்க விரும்புபவருக்கன்றி மற்றவர்களுக்கு அந்த விலை நியாயமாகாது.

கைவேலையில் விருப்பமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி நல்ல தெரிவு. கோடியை மட்டும் இயக்குவதற்கென்றே உருவான லிப்ரெலெக் என்ற இலவச இயங்குதளத்தை நினைவக அட்டையில் ஏற்றிச் செருகினால், விளம்பரமோ கணக்குப் பதிவோ இல்லாத தூய கருவி கிடைக்கும். 2019இல் வந்த நான்காம் பதிப்பு எச்.264, எச்.265 இரண்டையும் சில்லிலேயே விரிக்கிறது. 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எச்.264க்கான தனிப் பகுதி நீக்கப்பட்டது. அதன் செயலி வேகமானதாகையால் முழு எச்டி கோப்புகளுக்கு அது குறையாகத் தெரியாது. இந்த வேலைக்கு நான்காம் பதிப்பே போதும்.

வருடத்துக்கு இரண்டு முறை மட்டும், அதுவும் வெளிநாட்டு உறவினர் வந்து நிற்கும்போது மட்டும் பார்ப்பவர்கள் மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரால் இணைத்துவிட்டு இந்தச் செலவையே தவிர்க்கலாம்.

கடையில் மிக மலிவான பெட்டிகள் இருக்கின்றனவே?

பெட்டியின் மேல் 8கே என்றும் பெரிய நினைவக அளவுகளும் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதுவாக இராது. அதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. பெயர் தெரியாத அன்ட்ரொய்ட் பெட்டிகள் சில, தீங்கு செய்யும் மென்பொருள் ஏற்கனவே ஏற்றப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வருவதை ஆய்வாளர்கள் 2023இல் வெளிப்படுத்தினர். 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் இத்தகைய பெட்டிகள் குறித்து எச்சரிக்கை விடுத்தது. இணைய இணைப்பே கொடுக்காமல் வன்தட்டை மட்டும் ஓட்டுவதானால் ஆபத்து குறைவு. வீட்டு வைஃபையில் இணைப்பதாயின் வேண்டாம் என்பதே என் விடை.

கனடாவிலிருந்து வரும் மாமா ஒரு கருவி வாங்கி வருவதாகச் சொல்கிறார். இங்கே வேலை செய்யுமா?

மின்சாரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் செய்யும். அங்கே 120 வோல்ற்று, இங்கே 230. ஆனால் சிறு கருவிகளின் அடப்டரில் 100–240 என்று அச்சிடப்பட்டிருந்தால் பிளக்கை மாற்றும் துண்டு ஒன்றே போதும். 120 என்று மட்டும் இருந்தால் சுவரில் செருகவே கூடாது.

கணக்குகளில்தான் தொல்லை. இக்கருவிகள் முதன்முறை இயங்கும்போது இணையமும் ஒரு கணக்கும் கேட்கும். மாமாவின் கணக்கில் பதிந்தால் அவருடைய நாட்டுக்குரிய செயலிகளே வரும், அவருடைய கொடுப்பனவு அட்டையும் அதனுடன் இணைந்திருக்கலாம். அமேசனின் ஃபயர் குச்சியை வாங்கச் சொல்லுமுன் மாதிரியைக் கேளுங்கள். அமேசனின் செயலிக் கடையில் கோடி இல்லாததால் அதை வெளியிலிருந்து நிறுவ வேண்டும். 2025 இறுதியில் வந்த 4கே செலெக்ட் மாதிரி அன்ட்ரொய்ட் அல்லாத புதிய இயங்குதளத்தைக் கொண்டிருப்பதால் அவ்வாறு நிறுவவும் முடியாது. தொலைக்காட்சியையே அங்கிருந்து அனுப்பும் எண்ணம் அவருக்கு இருந்தால், நன்றி சொல்லித் தடுத்துவிடுங்கள். காரணம் அடுத்த விடையில் வருகிறது.

காவடி ஆட்டம், தேர் அசைவு எல்லாம் வெட்டி வெட்டி ஓடுவதுபோல் தெரிகிறது. கருவி வேகம் குறைந்ததா?

இது வேகத்தால் வருவதன்று. இலங்கையில் பால் (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறை வழங்கி வந்ததால், இங்குள்ள கமராக்கள் விநாடிக்கு 25 அல்லது 50 படங்கள் என்ற கணக்கில் பதிவு செய்கின்றன. பல வெளிக்கருவிகளோ, குறிப்பாக வட அமெரிக்காவுக்கென வந்தவை, தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 60 படங்கள் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். 60ஐ 25ஆல் மீதியின்றிப் பிரிக்க முடியாது. ஆகவே சில படங்கள் இரண்டு தடவையும் சில மூன்று தடவையும் காட்டப்படுகின்றன. அந்த ஒழுங்கின்மையே வெட்டலாகத் தெரிகிறது. அசையாமல் நிற்கும் மணமக்களில் இதைக் காண முடியாது, கமரா மெல்லத் திரும்பும்போதும் தேர் வடம் இழுபடும்போதும் பளிச்சென்று தெரியும். கருவியின் திரை அமைப்பில் 50 ஹேர்ட்ஸை, அதாவது விநாடிக்கு 50 படங்களை, தெரிவு செய்யுங்கள். கோடியில், கோப்புக்கேற்பத் திரையின் வீதத்தை மாற்றும் அமைப்பை இயக்கிவிட்டால் 24 படங்களுடைய திரைப்படங்களுக்கும் அது தானே பொருந்திக்கொள்ளும். வட அமெரிக்கச் சந்தைக்கான தொலைக்காட்சிகள் சில 50 ஹேர்ட்ஸை ஏற்பதே இல்லை.

எம்டிஎஸ் கோப்புகளில் இன்னொன்றும் நேரும். அவற்றுள் பல ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாகப் பிரித்துப் பதிவானவை. அவற்றைச் சேர்த்துக் காட்டத் தெரியாத கருவியில், அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லைப் போலத் தெரியும். விஎல்சியும் கோடியும் இதைத் தாமே சீர்செய்கின்றன. நான் கருவி பார்க்கப் போனால் எம்டிஎஸ் கோப்பைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன்.

கோப்பின் பெயரும் உபதலைப்பும் தமிழில் சரியாக வரவில்லையே?

சதுரக் கட்டங்களாக வந்தால், கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கோடியில் தோற்ற அமைப்புக்குச் சென்று எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து வந்தால், அது பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அதை ஒருங்குறிக்கு மாற்றி, யூடிஎஃப்-8 வடிவில் சேமித்தாலன்றி எந்தக் கருவியாலும் காட்ட முடியாது. நம் ஊர் ஸ்ரூடியோக்களில் பாமினி நெடுங்காலம் கோலோச்சியதால் பழைய பென் ட்ரைவ்களில் இது அடிக்கடி எதிர்ப்படும். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் குறை கருவியின் எழுத்தமைப்பு முறையில் இருக்கிறது; கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிடுவதே சுருக்கமான வழி. உபதலைப்புக் கோப்பின் பெயர், படக்கோப்பின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மின்வெட்டு வந்தால்?

மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் ஜெனரேற்றரையும் தொலைக்காட்சியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடியும்வரை முற்றத்தில் இருந்து படம் பார்த்த ஊர் இது. 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது மூத்தவர்கள் அதிகம் பதறவில்லை. கருவிகள் அப்படியல்ல. கருவி இழுக்கும் மின் மிகக் குறைவு என்பதால் தொலைக்காட்சியைத் தாங்கும் இன்வேர்ட்டர் அதையும் தாங்கிவிடும். ஆபத்து, வன்தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போது மின் அறுந்து அறுந்து வருவதில்தான். கருவியில் இணைக்கும் வன்தட்டு, மூலத்தின் பிரதியாக இருக்கட்டும். மூலம் வேறோர் இடத்தில் இருக்கட்டும். சித்திரை மாதத்து இடி மின்னலிலும் ஐப்பசி மாதத்து இடி மின்னலிலும் ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிட வேண்டும். இணையம் இல்லாத நேரத்திலும் கருவி தொடங்கிக் கோப்பைத் திறக்கிறதா என்பதை, வைஃபையை அணைத்துவிட்டு வாங்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வன்தட்டைக் கருவியில் செருகாமல், கணினியில் வைத்துக்கொண்டே வைஃபையில் பார்க்கலாமா? டேட்டா செலவாகுமா?

பார்க்கலாம். வீட்டுக்குள் நடக்கும் பரிமாற்றம் இணையப் பொதியில் கழியாது. கணினியில் ஜெலிஃபின் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், வெளிக் கணக்கு எதுவும் இல்லாமலே வீட்டிலுள்ள எல்லாத் திரைகளுக்கும் கோப்புகளைக் கொடுக்கலாம். ஆனால் கல்வீட்டின் தடித்த சுவர்களுக்கு அப்பால் வைஃபை தளர்ந்துவிடும். 4கே கோப்பு சில வேளைகளில் விநாடிக்கு 60 மெகாபிற்றுக்கு மேல் கேட்கும் என்பதால், வயர் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். ஒரேயொரு தொலைக்காட்சி உள்ள வீட்டுக்கு இந்த ஏற்பாடு மிகை.

அம்மம்மாவுக்கு இரண்டு ரிமோட் பழக்க முடியாது. வழி உண்டா?

உண்டு. எச்டிஎம்ஐ வயரின் வழியாகவே தொலைக்காட்சியின் ரிமோட் வெளிக்கருவியையும் இயக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதன் பொதுப்பெயர் சிஇசி. சம்சுங்கில் எனிநெற் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர் மாறி ஒளிந்திருக்கும். அதை இயக்கிவிட்டு, முதல் திரையில் குடும்ப ஒளிப்பதிவுகளின் கோப்புறையை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

பழைய இறுவட்டுகளையும் டிவிடிகளையும் என்ன செய்வது?

தாமதிக்காமல் கணினிக்கு மாற்றுங்கள். எழுதிய தட்டுகள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடுகின்றன, நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. இறுவட்டில் எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் டேற் என்ற ஈற்றுடன் இருப்பதுதான் படம். டிவிடியில் அது 1 ஜிபி அளவான விஓபி துண்டுகளாக இருக்கும். மேக்எம்கேவி போன்ற மென்பொருள் அந்த டிவிடித் துண்டுகளைத் தரம் குறையாமல் ஒரே எம்கேவி கோப்பாக்கிவிடும். இறுவட்டின் படம் 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே கொண்டது. எந்தக் கருவியும் அதை 4கே ஆக்காது, அப்படிச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

இனிமேல் வரும் கலியாண வீட்டுக்கு ஸ்ரூடியோக்காரரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது?

எச்.264 முறையில், முழு எச்டியில், ஒலி ஏஏசியில் உள்ள எம்பி4 கோப்பாகக் கேளுங்கள். இன்று வீடுகளில் உள்ள கருவிகளில் அதை ஓட்டாதது அரிது. மூன்று மணி நேரத்தையும் ஒரே கோப்பாக்காமல் பொன்னுருக்கு, தாலி கட்டு, வரவேற்பு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். கோப்புகளின் பெயர்கள் 01, 02 என்று தொடங்கட்டும், இல்லையேல் தொலைக்காட்சி அகர வரிசையில் அடுக்கித் தாலி கட்டை முதலில் காட்டிவிடும். வெட்டாத மூலக் காட்சிகளை ஒரு வன்தட்டில் தர முடியுமா என்று முற்பணம் கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள். பிறகு கேட்டால் அவர் அவற்றை அழித்திருப்பார்.